கடல் கடந்த தொண்டு



ஒரு நாட்டு மாணவர் மற்றொரு நாட்டுக்குச் சென்று, அங்குள்ள ஊர்மக்களோடு சேர்ந்து தொண்டு புரிவது இக்காலத்தில் பெருகி வரும் வழக்கம். விடுமுறையில் ஒரு திங்களோ இரு திங்களோ ஒதுக்கி, பள்ளிச் சுவர் எழுப்பவும், மரக்கன்று நடவும், சிறுவர்க்குப் பாடம் சொல்லவும் இளைஞர் பலர் வருகின்றனர். நம் கல்லூரிகளிலும் நாட்டு நலப்பணித் திட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் முகாம்கள் நடைபெறுகின்றன. இவற்றின் நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நோக்கம் நல்லதாயிருப்பது ஒன்று. விளைவு நல்லதாயிருப்பது மற்றொன்று. முகாம் முடிந்து மாணவர் வீடு திரும்பிய பிறகு அந்தச் சிற்றூரில் என்ன எஞ்சுகிறது? இவ்வினாவையே இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். நான் வாழ்வது தூத்துக்குடியில். ஆதலால், நான் கூறப்போகும் செய்திகளிற் பல எங்கள் முத்துக்கரையைச் சார்ந்தே அமையும்.

எங்கள் கரைக்கு அயலவர் வருகை புதிதன்று. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடற்பயண நூல் கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. தண்டனை பெற்ற கைதிகள் அத்தொழிலில் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் அது கூறுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்தனர். 1658-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைக்கொண்டனர். அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் வந்தனர். வந்தவருள் பெரும்பாலோர் முத்தையும் துறைமுகத்தையும் நாடியே வந்தனர். ஈட்டிய பொருள் கப்பலேறிச் சென்றது; கடலுக்குள் மூச்சடக்கி மூழ்கியவனது குடிசை குடிசையாகவே இருந்தது. கொள்ள வந்தவரை இவ்வாறு நெடுங்காலம் கண்ட கரைக்கு, இன்று கொடுக்க விரும்பும் இளைஞர் வருகின்றனர். இது பெரிய மாறுதல். ஆனால், கொடுப்பதற்கும் ஒரு கல்வி வேண்டும்.

நாடு கடந்த தொண்டு என்னும் எண்ணம் முதல் உலகப்போரின் சாம்பலிலிருந்து முளைத்தது. 1920-ஆம் ஆண்டில் பியர் செரசோல் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர், பிரான்சில் வெர்டன் போர்க்களத்துக்கு அருகிலுள்ள ஏன் என்ற சிற்றூருக்குத் தம் தோழர் சிலருடன் சென்றார். குண்டுகளால் சிதைந்த நிலத்தைச் செப்பனிடுவதும், வீடிழந்தோர்க்குக் குடில் அமைப்பதும் அவர்தம் பணி. அத்தோழருள் செருமானியரும் இருந்தனர். நேற்றுவரை பகைவராயிருந்த நாட்டினர் இன்று கல்லும் மண்ணும் சுமப்பதை அவ்வட்டாரத்தார் சிலரால் ஏற்க இயலவில்லை. சில திங்களில் அம்முயற்சி நின்றுபோயிற்று. எனினும் விதை அழியவில்லை. 1934 சனவரியில் பீகாரில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தபோது, செரசோல் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தார். இராஜேந்திர பிரசாத் போன்ற தலைவர்கள் துயர்துடைப்புப் பணியை நடத்திவந்த அக்காலத்தில், சிதைந்த சிற்றூர்களை மீண்டும் கட்டும் வேலையில் தோழரோடு ஈடுபட்டார்.

அதே 1920-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்தில் மாணவர் பட்டினியால் வாடினர். அவர்களுக்கு உதவப் பல நாட்டு மாணவர் பொருள் திரட்டினர். அவ்வியக்கம் வளர்ந்து, பிற்காலத்தில் ‘உலகப் பல்கலைக்கழகச் சேவை’ என்னும் பெயர் பெற்றது. அம்முயற்சியில் இரு கொள்கைகள் தொடக்க முதலே விளங்கின. இனம், நாடு, சமயம் என்னும் வேறுபாடு கருதாமல் உதவுதல் ஒன்று. உதவி பெறுபவர் தம் காலில் தாமே நிற்கும் வண்ணம் உதவுதல் மற்றொன்று. முதற்கொள்கையைப் பாராட்டாதார் இல்லை. இரண்டாவது கொள்கையைக் கடைப்பிடிப்பதுதான் அரிது.

அது எத்துணை அரிது என்பதை நம் நாட்டு வரலாறே காட்டும். விடுதலை பெற்ற மறு ஆண்டு, அதாவது 1948-இல், உத்தரப் பிரதேசத்தில் எட்டாவா மாவட்டத்தில் ஊர் முன்னேற்றச் சோதனை ஒன்று தொடங்கிற்று. அதற்குத் திட்டம் வகுத்தவர் ஆல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். உழவரோடு பழகி, அவர் மொழியில் பேசும் ஊர்ப் பணியாளர் வேண்டும் என்பது அவர் கருத்து. அச்சோதனை நல்ல பயன் தந்தது. அதன்பின் 1952 அக்டோபர் 2-ஆம் நாள், 55 திட்டப் பகுதிகளில் சமுதாய வளர்ச்சித் திட்டம் நாடளாவத் தொடங்கப்பெற்றது. சாலைகள் வந்தன, கிணறுகள் வந்தன, நல்விதைகள் வந்தன. ஆனால் 1957-இல் பல்வந்த்ராய் மேத்தா தலைமையில் அமைந்த குழு ஆராய்ந்தபோது, ஒரு குறை வெளிப்பட்டது. மக்களின் சொந்த முயற்சியைத் தூண்டுவதில் அத்திட்டம் போதிய வெற்றி பெறவில்லை என்பதே அது. அரசு செய்கிறது, நாம் பார்க்கிறோம் என்னும் மனப்பான்மை ஊர்களில் நிலைத்துவிட்டது. அக்குறையை நீக்கவே மக்கள் தேர்ந்தெடுக்கும் ஊராட்சி அமைப்புக்களிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது.

மாணவர் தொண்டும் இக்காலத்திலேயே உருப்பெற்றது. தமிழ்நாட்டில் 1947-இல் டாக்டர் சௌந்தரமும் கோ. இராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம், சுற்றியுள்ள சிற்றூர்களையே வகுப்பறையாகக் கொண்டது. 1969 செப்டம்பர் 24-ஆம் நாள், காந்தியடிகளின் நூற்றாண்டு விழா ஆண்டில், 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவரோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிற்று. ‘நான் அல்லேன், நீயே’ என்னும் கருத்துடையது அதன் குறிக்கோள். ஆண்டுக்கு 120 மணி நேரத் தொண்டும், ஏழு நாள் முகாமும் அதன் நடைமுறை. மணிக்கணக்கு எளிது, ஏட்டில் எழுதிவிடலாம். ‘நீயே’ என்னும் சொல்லின் பொருளை அறிவதுதான் கடினம். அப்பொருளை விளக்க எங்கள் கடல் ஓர் உவமை தருகிறது.

முத்துக்குளிப்பை நீங்கள் படத்தில் கண்டிருக்கலாம். 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் தூத்துக்குடிக் கடலில் அரசின் மேற்பார்வையில் முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதன் பிறகு அத்தகைய பெருங்குளிப்பு நிகழவில்லை. சங்குக்குளிப்பு மட்டும் தொடர்கிறது. பழைய முறையில், கயிற்றில் கட்டிய கனத்த கல்லின்மேல் கால் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, குளிப்பவர் ஐந்து பாகம், பத்துப் பாகம் ஆழத்துக்குக் கணப்பொழுதில் இறங்குவார். தரையைத் தொட்டதும் மேலே உள்ளவர் கல்லை இழுத்துவிடுவார். சிப்பிகளை விரைந்து பொறுக்கிப் பையில் இட்ட பின், மூச்சு முட்டும் வேளையில் குளிப்பவர் கயிற்றை வெட்டி அசைப்பார். அந்த அசைவை அறிந்த உடனே படகில் இருப்பவர் தூக்கிவிட வேண்டும். சற்றுக் கவனம் பிசகினாலும் உயிருக்கு மோசம். ஆகையால் கயிறு பிடிக்கும் பொறுப்பை மனைவியின் உடன்பிறந்தானிடமே ஒப்படைப்பர் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. தன் தங்கையின் வாழ்வு அக்கயிற்றில் தொங்குவதை அவன் மறவான் அன்றோ?

இங்கே மூன்று செய்திகளைக் கவனியுங்கள். எப்பொழுது இறங்குவது, எப்பொழுது ஏறுவது என்பதை முடிவு செய்பவர் கீழே இருப்பவர். மேலே இருப்பவர் தம் விருப்பப்படி இழுத்தால் சிப்பியும் இல்லை, தொழிலும் இல்லை. அடுத்து, கயிற்றின் அசைவு ஒரு மொழி. அதனைக் கற்றவரே அவ்வேலைக்கு உரியவர். இறுதியாக, கயிறு பிடிப்பவர் பார்வையாளர் அல்லர். அவருக்கும் அக்குடும்பத்துக்கும் ஓர் உறவு உண்டு. மொழி, தேவை, உறவு என்னும் இம்மூன்றும் இருந்தால் தொண்டு பொருள் உடையதாகும். ஒன்று குறைந்தாலும் அது வெறும் வருகையாகும். இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, மொழி. போர்ச்சுகல் நாட்டில் பிறந்த ஹென்றிக்கே ஹென்றீக்கஸ் என்னும் பாதிரியார் 1546-இல் இந்தியாவுக்கு வந்து, அடுத்த ஆண்டு முதல் எங்கள் முத்துக்கரையில் பணியாற்றினார். தமிழர் அவரை அண்டிரிக் அடிகளார் என்று அழைத்தனர். தொடக்கத்தில் பிறர் துணையால் பேசியவர், விரைவில் தாமே தமிழ் பேசவும் எழுதவும் கற்றார். தமிழுக்கு இலக்கணக் குறிப்பும் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் செய்தது. இந்திய மொழி எழுத்துக்களில் இந்திய மண்ணில் அச்சிடப்பெற்று, நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் அதுவே மிகப் பழையது. புன்னைக்காயலில் ஊராரின் பொருளுதவியோடு நோயாளர் இல்லம் ஒன்றையும் அவர் அமைத்தார். 1600-ஆம் ஆண்டில் மறையும்வரை இக்கரையை விட்டு அகலவில்லை. அவர் வந்த நோக்கம் சமயப் பணி. அதனை ஒருவர் ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். ஆனால் நான்கு நூற்றாண்டு கடந்தும் அவர் பெயர் நிற்பது, இம்மக்களின் மொழிக்கு அவர் மாணவராய் அமைந்தமையால் அன்றோ?

ஒரு திங்கள் தங்க வரும் மாணவர் இலக்கணம் எழுத இயலாது. ஆனால் முப்பது சொற்களைக் கற்க இயலும். மொழி என்று நான் கூறுவது வெளிநாட்டு மாணவர்க்கு மட்டும் உரியதன்று. சென்னையிலோ கோவையிலோ பிறந்து வளர்ந்த தமிழ் மாணவர்க்கும் கடற்கரைத் தமிழ் புதிய மொழியே. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது சோழகம். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். எந்தக் காற்றில் எந்த மீன் கரை நாடும் என்பதைப் பத்து வயதுச் சிறுவனும் அறிவான். கடலடியில் சிப்பிகள் வாழும் மேட்டை முத்துப்பார் என்பர். ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் உண்டு. கரையில் இல்லாத ஓர் ஊரையே அவர்கள் கடலுக்குள் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். இதனை அறியாமல், ‘கல்லாதவர்க்குக் கற்பிக்க வந்தேன்’ என்று ஒருவர் கூறுவது பொருந்துமா? எழுத்தறியாதவர் என்பதும் அறிவில்லாதவர் என்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவரே தொண்டின் முதற்படியில் கால் வைத்தவர்.

இரண்டாவது, தேவை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, உலகம் முழுவதிலிருந்தும் உதவி வந்தது. அந்த அன்பு மறக்கத்தக்கதன்று. ஆயினும் நாகப்பட்டினம் முதலிய இடங்களில் நடந்ததையும் மறத்தலாகாது. பழந்துணிகள் மலைபோல் வந்து சாலையோரங்களில் குவிந்து வீணாயின. தம் உடலுக்கும் வழக்கத்துக்கும் ஒவ்வாத உடைகளை மக்கள் தொடவில்லை. சில ஊர்களில் இழந்த படகுகளினும் மிகுதியான படகுகள் வழங்கப்பெற்றன. வலையைப் பின்னும் பெண்களுக்கும், மீனைத் தலைச்சுமையாக விற்கும் விதவைகளுக்கும் வேண்டியது யாது என்று கேட்டவர் சிலரே. கொடுப்பவர் தம்மிடம் இருப்பதைக் கொடுத்தனர்; பெறுபவர்க்கு இல்லாததைக் கேட்டறியவில்லை.

இதனினும் ஆழ்ந்த பாடம் ஒன்று நம் அண்டை மாநிலத்தில் உண்டு. 1952-இல் ஐக்கிய நாடுகள் அவையும் இந்தியாவும் நார்வேயும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி, கொல்லத்துக்கு வடக்கேயுள்ள நீண்டகரை, சக்திகுளங்கரை முதலிய மீனவர் ஊர்களில் நார்வே நாட்டு அறிஞர்கள் வந்து பணியாற்றினர். மருத்துவ நிலையம் எழுந்தது, குடிநீர் வந்தது, பனிக்கட்டி ஆலை அமைந்தது, விசைப்படகுகள் கட்டப்பெற்றன. எளிய மீனவரின் வருவாயை உயர்த்துவதே நோக்கம். நோயும் குறைந்தது, பலர் வாழ்வும் உயர்ந்தது. ஆனால் அதே காலத்தில் இறால் வெளிநாட்டு ஏற்றுமதிக்குரிய பொருளாயிற்று. கடலடியை வாரிச் செல்லும் இழுவலைப் படகுகள் பெருகின. முதலுடையவர் முன்னேற, கட்டுமரமும் சிறுவள்ளமும் உடையவர் பின்தங்கினர். இருசாராருக்கும் பூசல் மூண்டது. இறுதியில் 1988-இல் கேரள அரசு மழைக்காலத்தில் இழுவலை மீன்பிடிப்புக்குத் தடை விதிக்க நேர்ந்தது.

நம் கரையிலும் இக்கதை நடந்ததே. விசைப்படகுக்கும் வள்ளத்துக்கும் இடையே எழுந்த பூசல்களின் விளைவாகவே, 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையை அடுத்த மூன்று கடல்மைல் சிறு மீனவர்க்கு ஒதுக்கப்பெற்றது. 2001 முதல் ஆண்டுதோறும் 45 நாளும், 2017 முதல் 61 நாளும் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் மீன்களுக்கு ஓய்வு தருகின்றன. நார்வே அறிஞரைக் குறை கூற இதனைச் சொல்லவில்லை. அவர்கள் அறிவிலும் அன்பிலும் குறைந்தவரல்லர். ஒரு கருவியைத் தருபவர், அக்கருவி யார் கைக்குப் போகும், யார் கையிலிருந்து எதனைப் பறிக்கும் என்று கேட்டாக வேண்டும். அவ்வினாவுக்கு விடை நூலகத்தில் இராது. அவ்வூரிலேயே மிகச் சிறிய படகை உடையவரிடம் இருக்கும்.

மூன்றாவது, உறவு. வ. உ. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல்கள் 1907-இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓடின. அக்கடலின் மறுகரையில், 1958 டிசம்பரில், மாணவர் தொண்டுக்கே வழிகாட்டியான ஒரு நிகழ்ச்சி நடந்தது. கொழும்பு நாளந்தா கல்லூரியின் இளம் ஆசிரியர் ஆரியரத்தினா, தம் மாணவரையும் உடன் ஆசிரியரையும் கனத்தொழுவை என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். சாதியின் பெயரால் இழிந்தோர் என ஒதுக்கப்பெற்ற மக்கள் வாழ்ந்த ஊர் அது. கொழும்புச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே தங்கினர், அம்மக்களோடு மண் வெட்டினர், கிணறு தோண்டினர், ஒன்றாய் அமர்ந்து உண்டனர். தோண்டிய கிணற்றைக் காட்டிலும், சேர்ந்து உண்ட உணவே அம்மக்களின் நெஞ்சில் நின்றிருக்கும் என்பது என் எண்ணம். ‘சிரமதானம்’ என்னும் உழைப்புக் கொடை அங்கிருந்து வளர்ந்து, இலங்கையின் பல்லாயிரம் ஊர்களுக்குப் பரவிற்று. ஏன் பரவிற்று? கொடுப்பவர் மேலும் பெறுபவர் கீழுமாக நில்லாமல், இருவரும் ஒரே மண்வெட்டியை மாறி மாறிப் பிடித்தமையால் பரவிற்று.

இம்மூன்றும் சேரும்போது நிகழ்வதை நான் நேரில் கண்டதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன், வைப்பாற்றின் கழிமுகத்தை அடுத்த ஒரு சிற்றூரில் கல்லூரி மாணவர் முகாம் அமைத்தனர். ஐரோப்பிய மாணவர் இருவரும் அவர்களோடு இருந்தனர். சமுதாயக் கூடத்துக்கு வெள்ளையடிப்பது என்று முன்னரே திட்டமிட்டு வந்திருந்தனர். முதல்நாள் மாலை ஊர்க்கூட்டத்தில் வயதான மீன்காரப் பாட்டி ஒருவர் எழுந்து, “சுவருக்கு வெள்ளையடிக்க எங்க பிள்ளைகளே போதும், தம்பி. சேமிப்புப் பணத்துக்கு எழுதிக் கொடுக்கிற தாளை நிரப்பித்தர ஆள் இல்லையே” என்றார். மீன்பிடி குறைந்த காலத்துக்கென மீனவரும் மீனவப் பெண்களும் சேமிக்கும் தொகையோடு அரசும் தன் பங்கைச் சேர்த்துத் தரும் திட்டம் உண்டு. அதற்குரிய படிவமும், வங்கிப் புத்தகமும், நலவாரிய அட்டையும் பலர் வீட்டில் அரைகுறையாய்க் கிடந்தன. மாணவர் சுண்ணாம்பு வாளியை ஓரமாய் வைத்தனர். நான்கு மாலைகள் மீன் ஏலம் விடும் கொட்டகையில் பாய் விரித்து அமர்ந்து, வீடு வீடாகத் தாள்களைச் சரிபார்த்தனர். அதனினும் சிறப்பு, அவ்வூரில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த மூன்று பெண்களை அருகே இருத்தி, அம்முறையை அவர்களுக்குக் கற்பித்தமையாகும். மறு ஆண்டு நான் சென்றபோது அப்பெண்களே அவ்வேலையைச் செய்துகொண்டிருந்தனர். மாணவரின் பெயர்கூட ஊராருக்கு மறந்துவிட்டது. அந்த மறதியை நான் ஒரு நற்சான்றாகவே கொள்கிறேன்.

அந்த ஐரோப்பிய மாணவர் என்ன செய்தனர் என்று கேட்பீர்கள். தமிழ் எழுதத் தெரியாதவர் படிவம் நிரப்ப இயலாது. அவருள் ஒருவர் நாள்தோறும் விடியலில் ஏலக்களத்தில் நின்று, சிறுவர் சொல்லச் சொல்ல மீன்களின் பெயரையும், இறாலின் விலையையும் குறிப்பேட்டில் எழுதினார். தம் நாடு திரும்பியதும் அங்குள்ள கடைகளில் இறாலின் விலையை விசாரித்து அப்பெண்களுக்கு மடல் எழுதினார். கரையில் விற்ற விலைக்கும் கடையில் விற்ற விலைக்கும் உள்ள தொலைவைக் கண்டு ஊரார் வியந்தனர். இடையில் யார் யார் என்ன பெறுகின்றனர் என்று ஆராயத் தொடங்கினர். தரகரோடு பேசும்போது அவர்தம் குரலில் ஒரு புதிய உறுதி தோன்றிற்று. நண்பர்களே, கடல் கடந்து வரும் மாணவர் ஒருவரால் மட்டுமே செய்யக்கூடிய தொண்டு இதுவே. மண் சுமக்க நம் ஊரில் ஆள் உண்டு. ஆனால் எங்கள் துறைமுகத்திலிருந்து கப்பலேறும் பொருள் போய்ச் சேரும் மறுமுனையை நம்மவர் காண இயலாது. அம்முனையில் வாழ்பவர், இம்முனையில் உழைப்பவரின் கதையைத் தம் நாட்டாரிடம் எடுத்துச் சொல்வதே, இரு முனைகளையும் இணைப்பதே, உலகத் தொண்டு என்னும் பெயருக்கு உரியதாகும்.

‘விமானச் செலவுக்கு ஆகும் பணத்தை நேரே அந்த ஊருக்கு அனுப்பிவிட்டால் நல்லதன்றோ?’ என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. வருபவர் சுவர் எழுப்ப மட்டுமே வருவாராயின், அக்கேள்விக்கு மறுமொழி இல்லை. உள்ளூர்க் கொத்தனார் அதனை இன்னும் செம்மையாகச் செய்வார், அவருக்குக் கூலியும் கிடைக்கும். ஆனால் கற்கவும், கற்றதைத் தம் நாட்டில் பரப்பவும், ஆண்டுகள் பல தொடர்பு கொள்ளவும் வருவாராயின், அச்செலவு வீண் ஆகாது. தொடர்பு ஒருவழிப் பாதையாகவும் இருத்தல் ஆகாது. நம் மீனவர் வீட்டுப் பிள்ளையும் ஒரு நாள் நார்வேக்கோ இலங்கைக்கோ சென்று, அங்குள்ள மீனவர் கூட்டுறவு எவ்வாறு இயங்குகிறது என்று கண்டுவர வேண்டும். விருந்தினராகவே என்றும் இருப்பவரும், விருந்தளிப்பவராகவே என்றும் இருப்பவரும் உண்மை நண்பராதல் அரிது.

நம் மாணவர்க்கு வேலை தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. தூத்துக்குடி நகர எல்லையைத் தாண்டியதும் உப்பளங்கள் விரிகின்றன. வெண்மையான உப்புப் பாத்திகளில் வெயில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கூச வைக்கும். அதன் நடுவே நாள் முழுவதும் நின்று உப்பு வாரும் பெண்களின் காலில் வெடிப்பும், கண்ணில் எரிச்சலும் நீங்குவதில்லை. மழை வந்தால் வேலை இல்லை. கடலுக்குள் சென்றால், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக விளங்குகின்றன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளைப் பெயர்த்தெடுத்தமையால் சில தீவுகள் அலையால் அரிப்புண்டு தேய்ந்தன. அவற்றைக் காக்கும் முயற்சியில் மீனவரைப் பகைவராகக் கருதாமல் பங்காளியாக்குவது எவ்வாறு? உப்பளப் பெண்களுக்குரிய கண்ணாடியும் காலணியும் ஏன் பயன்படாமல் மூலையில் கிடக்கின்றன? அவர்களைக் கேட்டறிந்தீர்களா? விலங்கியல் கற்பவரும், பொருளியல் கற்பவரும், தமிழ் கற்பவரும் ஒருங்கே சென்று ஆராய வேண்டிய வினாக்கள் இவை.

எனவே, முகாமுக்குப் புறப்படுமுன் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. அவ்வூரைப் பற்றி அவ்வூராரின் சொற்களில் பேச எனக்குத் தெரியுமா? நான் செய்யப்போவதை அவர்கள் கேட்டனரா, நானே எண்ணிக்கொண்டேனா? என்னோடு சேர்ந்து அதனைச் செய்யப்போகும் உள்ளூர் இளைஞர் யார்? நான் திரும்பிய பின் அதனைத் தொடரப்போவது யார்? அடுத்த ஆண்டும் அவ்வூருக்கே நம் கல்லூரி செல்லுமா, வேறோர் ஊரைத் தேடுமா? ஒரே ஊருக்குப் பத்தாண்டு தொடர்ந்து செல்லும் கல்லூரி, பத்து ஊர்களை ஒரு முறை கண்டுவரும் கல்லூரியினும் மிகுதியாகக் கற்கும். மிகுதியாகக் கொடுக்கவும் செய்யும். இவ்வினாக்களுக்கு விடை கிடைக்காவிடில், ஏழு நாளில் முதல் இரண்டு நாளை வேலை எதுவும் செய்யாமல், திண்ணையில் அமர்ந்து கேட்பதற்கே செலவிடுங்கள். அதுவும் தொண்டே.

உழைப்பதற்கு இளமையில் வலிமை உண்டு. காத்திருப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். படகில் கயிறு பிடித்து அமர்ந்திருப்பவர் சும்மா இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அவர் கவனம் முழுவதும் கீழிருந்து வரும் அசைவிலேயே இருக்கும். அத்தகைய கவனத்தோடு நம் மாணவர் ஊர்களுக்குச் செல்வாராக. அத்தகைய கவனத்தோடு பிற நாட்டு மாணவரும் நம்மிடம் வருவாராக. அப்பொழுது முகாமின் நிறைவு விழாவில் நன்றியுரை கூற வேண்டியவர் யார் என்பதில் ஐயமே எழும். ஊராரும் மாணவரும் ஒருவருக்கொருவர் நன்றி கூறுவர். அதுவே அத்தொண்டு பயன் தந்தது என்பதற்கு அடையாளமாகும்.